சோறு ஆறுது, வாங்க

சாத்தூருக்குக் கிழக்கே சிறுகுளத்துப்பட்டி என்ற கரிசல்காட்டு ஊரில் பொழுது சாயும் நேரம் என் மனைவி சீனித்தாய் வாசலில் நின்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், அந்தக் குரல் அதே மூச்சில், வடக்கே பனிமலையில் நான் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த முகாமுக்கு வந்து சேர்ந்துவிடும். அது எனக்கு மட்டும் கேட்கவில்லை, முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, கழுதைகளும் காதைத் திருப்பின.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உழைக்கப் போன ஆளைக் கூப்பிட்டு, அவன் வாயிலிருந்து "வந்துட்டேன்" என்ற பதிலைக் கேட்காமல் வீட்டுப் பெண்கள் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். அப்பா உயிரோடு இருந்தவரை அம்மா பருத்திக்காட்டு வரப்புவரை நடந்துபோய்க் கூப்பிட்டுவிட்டு வருவாள். அப்பா போன பிறகு கூப்பிட ஆளில்லை, வயிற்றுப் புண்ணும் சேர்ந்துகொண்டது, டாக்டர் சொன்னபடி அம்மா விளக்கு வைக்கும் முன்பே சாப்பிட்டுவிடுவாள். கல்யாணம் முடித்து நான் லீவு தீர்ந்து புறப்பட்ட அன்று, சீனித்தாய் அந்த வழக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டாளே தவிர, கூப்பிட அவளிடம் பெயர் இல்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நடக்கத் தெரியும் முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என் பெயர் வெயிலுமுத்து, வெயிலுகந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். அதனால் என் பெயரைச் சொல்லாததோடு, வெயில் என்ற சொல்லையே சீனித்தாய் வாயில் எடுக்க மாட்டாள். மண்ணெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற ஊரில் சித்திரை மாதத்தில்கூட "மேல காயுது" என்றுதான் சொல்வாள். பிள்ளை பிறந்திருந்தால் பிள்ளை பெயரைச் சொல்லி அதன் அப்பா என்று கூப்பிட்டிருக்கலாம், அதுவும் அப்போது இல்லை. ஆகவே வட்டிலில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, வடக்கே பார்த்து, "இந்தாங்க, சோறு ஆறுது, வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள்.

நான் அப்போது ரயிலில் இருந்தேன். பெயர் தெரியாத ஒரு பெரிய ஆற்றின் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் அவள் குரல் கேட்டது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரில் இருந்த தலைப்பாகைக்காரப் பெரியவர், வீட்டில் கூப்பிடுகிறார்கள், முதலில் சாப்பிடு என்று சைகை காட்டித் தன் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு "வந்துட்டேன்" என்றேன்.

ஊரில் அந்தப் பதிலைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆரு அது?" என்று கேட்டிருக்கிறாள்.

"உங்க மகன்தான் அத்தை."

"ரயில்லல்ல இருப்பான்?"

"ஆமா, பின்னாடி ரயில் ஓடுற சத்தம் கேக்குதே."

"சரி, அப்ப நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டாள்.

முகாமில் எங்கள் நாள் கழுதைகளோடு விடிந்து கழுதைகளோடு முடியும். வாளித் தண்ணீரில் படிந்த பனிக்கட்டியை பூட்ஸ் குதிகாலால் உடைத்து, முகம் என்று ஒன்று இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டு, தகரக் குவளையில் டீயை வாங்கி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, விரல்களுக்கு உயிர் வந்த பிறகு கழுதைகளிடம் போவோம். அவற்றின் குளம்பில் சிக்கிய கல்லையும் பனியையும் எடுக்க வேண்டும், சேண வாரின் கீழே தோல் உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், நமக்குச் சளி பிடித்தால் மன்னிப்பு உண்டு, கழுதைக்குச் சளி பிடித்தால் கிடையாது. பிறகு மண்ணெண்ணெய் டின், மாவு மூட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எடை சரியாக ஏற்றி, மேலே காவல் சாவடிகளுக்கு ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவோம். என்னோடு எப்போதும் வருகிறவன் நேகி, கட்வால் பக்கத்து மலைக்காரன், பட்டாளத்தில் நாயக் பதவி. என் பெயர் முழுதும் அவன் நாக்குக்கு வராது, முத்து என்பான்.

நான் லீவு முடிந்து சேர்ந்த அன்று மாலை, கழுதைகளுக்குக் கொள்ளுப் பை கட்டிக்கொண்டிருக்கையில் குரல் வந்தது. "இந்தாங்க, கம்மஞ்சோறு ஆறுது, வாங்க." கையில் வேலையாக இருந்தவர்கள் எல்லாம் அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். சுபேதார் பச்சித்தர் சிங் தாடியை வலைக்குள் ஒதுக்கிக்கொண்டே வெளியே வந்து, இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். நான் விறைப்பாக நின்று என் வீட்டுப் பெண் என்றேன். என்ன சொல்கிறாள் என்றார், சொன்னேன். அவர் சமையல் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்து, நாளையிலிருந்து இந்த நேரத்துக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், அந்தப் பெண்ணை நிற்க வைக்கக் கூடாது என்று சமையல்காரன் குஞ்ஞப்பனிடம் சொன்னார். விசாரணை அத்தோடு முடிந்தது.

அதை ஒப்புக்கொள்ள மறுத்தவன் பியூகிள் ஊதுகிற டிசூசா ஒருவன்தான். சாப்பாட்டுக்கு ஊதுவது அவன் வேலை. சில நாள் அவள் கூப்பிடும் முன்பே முந்திக்கொண்டு ஊதிப் பார்த்தான். ஊதியதும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார்கள். கடைசியில் ஒருநாள் பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும்விட உரக்க அவனே "வந்துட்டேன்" என்று பதில் சொன்னான். அந்த ஒரு தமிழ்ச் சொல் அதற்குள் முகாம் முழுக்கப் பாடமாகியிருந்தது. அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அதனால் அது தன்னைத்தான் என்று ஒவ்வொருவனும் எடுத்துக்கொண்டான். தன் தாயும் இப்படித்தான் கூப்பிடுவாள், வார்த்தைதான் வேறு என்று நேகி சொன்னான். அவரவர் தட்டின் முன் உட்கார்ந்து, பஞ்சாபியின் தொண்டையிலும் மலையாளியின் மூக்கிலும் கோவாக்காரனின் பல்லிலும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைப் பிய்ப்பார்கள்.

ஊரிலும் அதற்கேற்ப ஆகிவிட்டது. அவள் ஒரு தடவை கூப்பிட, முற்றம் நிறைய ஆண் குரல்கள் வந்து இறங்கின. முதல்நாள் அம்மா பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் கதவைச் சாத்தவில்லை, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். அதற்கும் மறுநாள் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் குளத்தில் எல்லோர் முன்னாலும், "ஒத்தப் புருசனக் கூப்புட்டா ஒரு பட்டாளமே வருதேடி, சட்டி பத்துமா?" என்று கேட்டிருக்கிறாள். "பத்தலைன்னா உங்க வீட்டுக்கு அனுப்பி விடுறேன் மதினி" என்று சீனித்தாய் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாளாம். பலசரக்குக் கடைக்கார மாமா அந்தப் பதில் சத்தத்தை வைத்துத்தான் கடையில் விளக்கேற்றினார்.

வேறு எந்தப் பேச்சும் அந்த வழியில் போகவில்லை. மாடு கன்று போட்டதை அவள் வாசலில் நின்று சொல்லிப் பார்த்தாள், எனக்குக் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குக் கேட்கவில்லை. கையில் சாப்பாடோ முன்னால் தட்டோ இல்லாமல் "வந்துட்டேன்" என்று சொன்னாலும் அது போகாது, டிசூசா சோதித்துப் பார்த்தான். மற்ற பட்டாளத்துக்காரர்களின் தாய்மார்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்து, தங்கள் பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை, அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்பினாள். அம்மாவும் ஒருநாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, அது போகாததில் கோபித்துக்கொண்டாள். பசித்த வயிற்றோடு கூப்பிட்டால்தான் போகும், அவன் பதில் சொன்னால்தான் சாப்பிடுவேன் என்று இருக்கிறவள் உன் மருமகள், நீ சாப்பிட்டு ஏப்பம் விட்டுக் கூப்பிட்டால் எப்படிப் போகும் என்று கடைக்கார மாமா அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா அவர் கடையில் கொஞ்ச நாள் உப்பு வாங்கவில்லை.

ஆனாலும் சீனித்தாய் சேதி அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். எது ஆறுகிறது என்று சொல்லத் தடையில்லை. "சீம்பால் ஆறுது, வாங்க" என்று ஒருநாள் வந்தது, மாடு கன்று போட்டிருக்கிறது என்று நான் சொன்னதும் முகாமில் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். கருவாட்டுக் குழம்பு என்றால் ஊரில் சந்தை, கறி என்றால் சாமி கும்பிடு. குஞ்ஞப்பன் அவள் சொல்வதையெல்லாம் செய்து பார்க்க ஆசைப்பட்டுக் கோதுமை மாவில் களி கிண்டினான், அதைக் கழுதைகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த வருசம் மழை தப்பியது. தினமும் "கஞ்சி ஆறுது, வாங்க" என்றே வந்தது. குஞ்ஞப்பன் யாரையும் கேட்காமல் அந்த நாட்களில் முகாமுக்கும் கஞ்சியே காய்ச்சினான், ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை. மலையேறி இறங்கிய ஆட்கள் குவளையில் கஞ்சியை வாங்கிக்கொண்டு "வந்துட்டேன்" என்றார்கள். ஐப்பசியில் ஒருநாள் "கொழுக்கட்டை ஆறுது" என்று குரல் வந்ததும், ஊரில் மழை பெய்துவிட்டது என்று நான் சொல்லும் முன்பே நேகி சொல்லிவிட்டான்.

மேஜர் ஆய்வுக்கு வந்த அன்றும் குரல் வந்தது. அந்தப் பெண் எந்தப் பிரிவைச் சேர்ந்தவள் என்று மேஜர் கேட்டார். சாப்பாட்டு அழைப்பு சார் என்றார் சுபேதார். இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்றார் மேஜர். இது இல்லாத நாளில் ஆட்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை சார் என்று சுபேதார் பதில் சொன்னார். மேஜர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். அவரும் வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொன்னார் என்று குஞ்ஞப்பன் சத்தியம் செய்தான், நான் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நானும் நேகியும் மேல்சாவடிக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோனோம். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வானம் அப்படியே கீழே இறங்கி வந்தது போலப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. என் கையை நீட்டினால் கை தெரியவில்லை. வெள்ளை என்பது ஒரு நிறம் என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு அது ஒரு சுவர். கழுதைகளை ஒன்றோடு ஒன்று கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றில் எங்களையும் கட்டிக்கொண்டு நடந்தோம். பாதை போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு உண்டு என்று தெரியும், எந்தப் பக்கம் என்பது போய்விட்டது.

முகாமில் டிசூசா உதடு பியூகிளில் ஒட்டிப்போகும்வரை ஊதினான், காற்று அதைக் கூடாரத்து வாசலிலேயே தின்றுவிட்டது. ஆள் அனுப்பினால் அவர்களும் தொலைவார்கள். பொழுது சாயும் நேரம் நெருங்கியபோது சுபேதார் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இன்றைக்கு அந்தப் பெண் கூப்பிடும்போது யாரும் பதில் சொல்லக் கூடாது, யாரும் தட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். குஞ்ஞப்பனுக்குப் புரியவில்லை. பதில் வராமல் அவள் நிறுத்த மாட்டாள் என்றார் சுபேதார். நம் சத்தம் போகாத இடத்துக்கு அவள் சத்தம் போகும், அவர்கள் வந்து சேரும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.

குரல் வந்தது. "இந்தாங்க, குதிரைவாலிச் சோறு ஆறுது, வாங்க." முகாமே வாயை மூடிக்கொண்டு நின்றது. சமைத்தது அடுப்பிலிருந்து இறங்கி ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அத்தனை நாளும் முந்திக்கொண்டு பதில் சொன்ன ஆட்கள், பதிலைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு பனியில் நின்றார்கள்.

எங்களுக்கும் கேட்டது. கேட்டதுதான் ஆபத்தாகப் போயிற்று. பெயரில்லாத அழைப்பு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. எனக்கு இடது பக்கம் கேட்டது. நேகி அது தன் தாய் என்று சொல்லி வலது பக்கம் இழுத்தான். கழுதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்ப, கயிறு எங்கள் இடுப்பை அறுத்தது. நாலு பக்கமும் வீடு இருந்தால் எந்தப் பக்கம் போவது. நான் "வந்துட்டேன்" என்று கத்தினேன், தட்டு முன்னால் உட்காராதவன் சொன்ன சொல் வாயைவிட்டுப் போகவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் முத்து என்று நேகி சொன்னான். பனியில் உட்கார்ந்தவன் மறுபடி எழுந்திருப்பதில்லை என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். நான் கயிற்றைச் சுருட்டி அவனை என்னோடு சேர்த்துக் கட்டி, நான் நிற்கும்வரை நீயும் நிற்க வேண்டும் என்றேன்.

ஊரில் நடந்ததை எனக்குப் பிறகு அம்மாதான் சொன்னாள். ஒரு குரல்கூட வரவில்லை என்றதும் தெரு கூடிவிட்டது. கடைக்கார மாமா விளக்கேற்றாமல் வந்து நின்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டு சீனித்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது, பொன்னுத்தாய் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வெறும் வயிற்றோடு கூப்பிட வேண்டும் என்று அவள் அதையும் வாங்கவில்லை. அம்மா அவளை விலக்கிவிட்டு, நான் பெற்றவள், எனக்கென்ன தடை என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஊர்க்கோடிவரை கேட்டது, அதற்கு மேல் போகவில்லை. அப்போது சீனித்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலை விட்டு இறங்கித் தெரு நடுவில் போய் நின்றிருக்கிறாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தி, "பேரச் சொல்லி எம்பிள்ளை ஆயுசக் குறைச்சிராத" என்றாள்.

சீனித்தாய் அம்மாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "குறையுறதுக்கு மொதல்ல ஆயுசு இருக்கணும் அத்தை."

பிறகு கூப்பிட்டாள். "வெயிலுமுத்து. ஏ வெயிலுமுத்து. சோறு ஆறுது, வா."

பனிக்குள் என் பெயர் வந்தது. அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை, கழுதைகளுக்குத்தான் புரிந்தது. அத்தனை கழுதைகளின் காதுகளும் ஒரே திசையில் திரும்பின. கயிறு தளர்ந்து, பிறகு ஒரே பக்கமாக இழுபட்டது. நேகி தலையைத் தூக்கி, இது என் தாய் இல்லை, உன்னைக் கூப்பிடுகிறார்கள், போ என்றான். நான் போனேன், அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். நின்றால் அவள் குரலும் நின்றுவிடும் போலத் தோன்றியது, அதனால் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் பெயர் அதே இடத்திலிருந்து, கொஞ்சம் கிழிந்து, கொஞ்சம் பக்கத்தில் வந்தது. வெயிலுமுத்து. ஆறுது, வா. வெயிலுமுத்து. கடைசியில் என் முகம் போய் மோதியது கூடாரத்துத் துணியில்.

என் கையைத் தேய்க்க வந்தவர்களை விலக்கிவிட்டு, முதலில் தட்டைப் போடு என்று சுபேதார் குஞ்ஞப்பனிடம் சொன்னார். தட்டின் முன் உட்கார்ந்து, வராத குரலை வரவழைத்து, "வந்துட்டேன்" என்றேன். நேகியும் சொன்னான். அதுவரை பல்லைக் கடித்து நின்ற முகாம் முழுவதும் சொன்னது. ஊரில் அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன என்பார்கள். சீனித்தாய் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறிப்போன குதிரைவாலிச் சோற்றை அம்மாதான் பிசைந்து அவள் வாயில் ஊட்டினாள், ஊட்டிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே ஊட்டினாள்.

அந்த வாரம் ஊரில் சில பெண்கள் தங்கள் புருசன்மார் பெயரைச் சொல்லிப் பார்த்தார்களாம். பொன்னுத்தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் புருசன் தோளில் இருந்த கலப்பையோடு கிணற்று மேட்டில் சறுக்கி விழுந்தான், நல்லவேளை ஆயுசு குறையவில்லை, கணுக்கால்தான் சுளுக்கியது.

ஆனால் மறுநாள் மாலை முகாமில் ஒரு சங்கடம் வந்தது. "வெயிலுமுத்து, களி ஆறுது, வா" என்று குரல் வந்ததும் எழுந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு அவர்கள் எப்படி வருவார்கள். நான் மட்டும் பதில் சொன்னேன். மறுநாளும் அப்படியே. டிசூசா பியூகிளை எடுத்துத் துடைத்து மறுபடி ஊத ஆரம்பித்தான், நன்றாகத்தான் ஊதினான், யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த லீவுக்கு நான் புறப்படும்போது சுபேதார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, பழையபடி பெயரில்லாமல் கூப்பிட முடியுமா என்று உன் வீட்டில் கேட்டுப் பார் என்றார்.

கேட்டேன். சீனித்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "பேரில்லாமக் கூப்புட்டுத்தான நீங்க தெசை தெரியாம நின்னீங்க? இனி அப்படிக் கூப்புட மாட்டேன்" என்றாள்.

"அவங்க எல்லாம் பட்டினி கெடக்காத குறையா இருக்காங்க சீனி."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அவுக பேரையெல்லாம் சொல்லுங்க."

அந்த லீவு முழுக்க அதுதான் வேலை. அவள் மாவாட்டும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பச்சத்தரு சிங்கு என்றாள், திருத்தினேன், மறுபடியும் பச்சத்தரு சிங்கு என்றாள், விட்டுவிட்டேன். அவள் மறந்த இடத்தில் அம்மா உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் முகாமுக்குத் திரும்பிய அன்று மாலை, வழக்கமான நேரத்தில், முதலில் என் பெயர் வந்தது, டிசூசா பியூகிளை எடுத்தான். பிறகு பச்சத்தரு சிங்கு என்று வந்தது. சுபேதார் ஆஜர் எடுக்கும்போது நிற்பதுபோல விறைப்பாக நின்றார். பிறகு நேகி, குஞ்ஞப்பன், ஒவ்வொரு பெயராக, ஒருவனையும் விடாமல், கரிசல் காட்டுக் காற்று பட்டுக் காய்ந்துபோன உச்சரிப்பில் வந்துகொண்டே இருந்தது. தன் பெயரும் வந்தபோது டிசூசா பியூகிளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். "எல்லாருக்கும் சோறு ஆறுது, வாங்க" என்று அவள் முடித்தாள்.

நான் பட்டாளத்திலிருந்து வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. எதிரில் கை எட்டும் தூரத்தில் வட்டிலின் முன் நான் உட்கார்ந்திருப்பேன், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், நான் பதில் சொல்வேன், பிறகு மற்றவர்களைக் கூப்பிடுவாள். அவர்களும் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள், அங்கிருந்து பதில் சொன்னார்கள், பின்னால் பேரப்பிள்ளைகள் அழும் சத்தமும் கேட்கும். ஒரு வருசம் சுபேதாரின் பதில் வரவில்லை. அடுத்த வருசம் டிசூசாவுடையது. பிறகு குஞ்ஞப்பன். பதில் வராத பெயர்களை விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். வராதவுகளத்தான் கூடக் கொஞ்சம் கூப்பிடணும் என்றாள். நேகி மட்டும் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, கார்த்திகையில், சீனித்தாய் போய்விட்டாள். என் ஆயுசு குறையும் என்றார்கள், அது இவளைத் தாண்டியும் நீண்டுகொண்டு கிடக்கிறது.

கோவில்பட்டியில் இருக்கும் மகள் பூரணி தினமும் போன் செய்து, சர்க்கரை மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் அப்பா என்று திட்டுகிறாள். மற்ற வேளையெல்லாம் அவள் சொன்னபடி சாப்பிட்டுவிடுகிறேன். சாயங்காலம் மட்டும் முடியாது. இரண்டு வட்டிலில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வடக்கே பார்த்து, பச்சத்தரு சிங்கிலிருந்து ஆரம்பித்து எல்லாப் பெயரையும் கூப்பிடுகிறேன், அவள் சொன்ன உச்சரிப்பிலேயே. பதில் சொல்லத்தான் என் குரல் இந்த வழியில் போயிருக்கிறது, கூப்பிடப் போனதில்லை. ஆனால் பசித்த வயிற்றோடு கூப்பிட்டால் போகும் என்று கடைக்கார மாமா சொன்னது உண்மையென்றால், இதுவும் போக வேண்டும். போன வாரம் நேகி என்று கூப்பிட்டதும், வெகுதூரத்தில், இருமலுக்கு நடுவே, "வந்துட்டேன்" என்று கேட்டது.

கடைசியில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது. திசை எனக்குத் தெரியாது. அவளுக்கும் அன்றைக்கு என் திசை தெரியாது, கூப்பிட்டாள். இன்று குதிரைவாலிச் சோறு. மேலே ஆவி இன்னும் இருக்கிறது. கூப்பிடப் போகிறேன். சீனித்தாய், ஏ சீனித்தாய், சோறு ஆறுது, வா. பதில் வரும்வரை நான் வாசலை விட்டு வருவதாக இல்லை.